நாலு மணிக்காரர் விட்ட சந்து

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் சர்வேயர். அவள் நிலம் அளக்கிறவள் இல்லை. ஒரே கணினிக்குள், அதை ஓட்டுகிற சிஸ்டம் இரண்டைப் போட்டுக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பழைய சிஸ்டத்தை அதன் இடத்தில் இருக்கவிட்டு, பக்கத்திலேயே இடம் அளந்து லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைக் குடிவைப்பாள். அளப்பதும் எல்லை போடுவதுமாக இருப்பதைப் பார்த்து, கீழே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர்தான் இந்தப் பெயரை வைத்தார். வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுடைய அக்காவே, "சர்வேயர் சாப்பிட வராளா இல்லையா?" என்றுதான் போனில் கேட்கிறாள்.

கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறைதான் அவள் வேலை செய்யும் இடம். கீழே விலைபோகாத கண்ணாடி ஃபிரேம்களையெல்லாம் கடைக்காரர் மேலே கொண்டுவந்து ஒரு சுவர் முழுக்க மாட்டியிருந்தார். இருநூறு ஃபிரேம்களுக்குக் குறையாது, ஒன்றில்கூடக் கண்ணாடி கிடையாது. முதல் தடவை மாடியேறி வருகிறவர்கள் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்காரத் தயங்குவார்கள். இத்தனை பேர் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும். சர்வேயருக்குப் பழகிப்போயிருந்தது.

வேலையில் அவள் கறார். முதலில், "உள்ள இருக்கிறதெல்லாம் வேற எங்கயாவது ஒரு நகல் இருக்கா?" என்று கேட்பாள். இல்லை என்றால் கணினியைத் தொடமாட்டாள், எடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவாள். அடுத்ததாக லினக்ஸை ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் போட்டு, குச்சியிலிருந்தே ஓட்டிக் காட்டுவாள். "வாடகைக்கு வர்றதுக்கு முன்னாடி வீட்டைச் சுத்திப் பாக்கிற மாதிரி. ஒலி வருதா, வைஃபை வருதான்னு பாருங்க. பிடிக்கலைன்னா குச்சியை உருவிடலாம், பழசுக்கு ஒண்ணும் ஆகாது" என்பாள். பழையதன் இடத்தைச் சுருக்குவது என்றால் பழையதற்குள்ளே போய், அதன் கையாலேயே சுருக்கச் சொல்வாள். வெளியிலிருந்து நெருக்கினால் அது முரண்டு பிடிக்கும் என்பது அவள் கண்ட உண்மை.

எந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிப்பாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக் கணினியில் 'பக்கத்தில் நிறுவு' என்று நினைத்துக்கொண்டு 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு' என்பதை அழுத்திவிட்டாள். அக்கா மகளின் முதல் மூன்று வருடப் படங்கள் அத்தனையும் போயின. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அந்த மூன்று வருடத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அன்றிலிருந்து சர்வேயர் எதையும் மனசுக்குள் படிப்பதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு, அதற்குத்தான் காரணமே கிடையாது. பழையதற்கும் புதியதற்கும் நடுவில் ஒரே ஒரு ஜி.பி. இடத்தை யாருக்கும் இல்லாமல் வெறுமனே விடுவாள். அதற்குச் சந்து என்று பெயர். "ரெண்டு குடித்தனம் ஒரே சுவரைப் பங்கு போட்டா சண்டை வரும். நடுவுல ஒரு சந்து விட்டுடணும்" என்பாள். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை, எந்தக் கணினிக்கும் அது தேவையும் இல்லை. மற்ற ரிப்பேர்க் கடைக்காரர்கள் அந்தச் சந்தைப் பார்த்தாலே, "ஓ, இது சர்வேயர் கைவரிசை" என்று சிரிப்பார்கள்.

அந்தப் பெண்மணி மாடியேறி வந்தபோது மதியம் மூன்று மணி இருக்கும். ஐம்பது வயசுக்கு மேலே. வலது கைக் கட்டைவிரலில் கத்தரிக்கோல் பிடித்த காய்ப்பு. துணி வெட்டுகிற வேலையாக இருக்கும் என்று சர்வேயர் நினைத்துக்கொண்டாள். வந்தவள் தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்து மேஜையில் வைத்தாள். வைத்த பிறகு கணினியை அவள் பார்க்கவே இல்லை. சர்வேயரின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், மூலையில் தொங்கிய துப்பட்டாவைப் பார்த்தாள்.

"இது என் வீட்டுக்காரரோடது. அவர் போயி ஏழு மாசம் ஆச்சு" என்றாள்.

"அய்யோ. என்னக்கா ஆச்சு?"

"மாடிப்படியில உக்காந்தார், எந்திரிக்கல. இதுல இருக்கிற அவரோடதை மொத்தமா அழிச்சிடுங்க. அழிச்சிட்டுப் புதுசா ஏதோ போடுவீங்களாமே, அதைப் போடுங்க."

"நான் அழிக்கிறவ இல்லக்கா. பழசு இருக்கட்டும், பக்கத்துல..."

"பக்கத்துல வேண்டாம். அழிங்க." அந்த அம்மாள் ஃபிரேம் மாட்டிய சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அவளுக்குத் தயக்கமே இல்லாததைச் சர்வேயர் கவனித்தாள். "இங்க ஆம்பளைங்களும் வருவாங்களா?"

"எல்லாரும் வருவாங்க."

"போன்லயும் பேசுவீங்களோ?"

"பாதிப் பேர் போன்லதான். மூஞ்சியே பாத்தது கிடையாது."

அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். கேள்வி வேண்டாத பக்கம் போகிறதே என்று சர்வேயருக்கு உறுத்தியது. குச்சியைச் செருகி, குச்சியிலிருந்து கணினியைக் கிளப்பினாள். அழிக்கச் சொன்னாலும் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்க்காமல் அவள் அழிக்கமாட்டாள்.

வட்டில் இடம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்கிற படம் திரையில் வந்தது. வலப்பக்கத்து எழுத்துகள் வருவதற்குள் வண்ணக் கட்டங்கள் வந்துவிட்டன. முதலில் ஒரு பெரிய கட்டம், அது பழைய சிஸ்டம். கடைசியில் சின்னதாக இன்னொரு கட்டம், சரியாக அறுபது ஜி.பி. லினக்ஸுக்கு அவள் எப்போதும் ஒதுக்குகிற அளவு. இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று.

அந்தக் கீற்றின் மேல் அம்புக்குறியை வைத்துப் பார்த்தாள். ஒரு ஜி.பி. யாருக்கும் இல்லாத இடம்.

இந்தக் கணினியை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை. மேல்மூடியில் இருந்த கீறலையோ, தேய்ந்துபோன எழுத்துப் பொத்தானையோ பார்த்திருந்தால் மறக்கிறவள் இல்லை அவள். ஆனால் உள்ளே அவளுடைய சந்து இருந்தது. பூட்டிக் கிடந்த அடுத்தவர் வீட்டுக்குள் போனால் தன் செருப்பு அங்கே கிடந்த மாதிரி இருந்தது.

"இதை யார்கிட்ட குடுத்தீங்க இதுக்கு முன்னாடி?"

"யார்கிட்டயும் இல்ல. அவர் மூடி வச்சது, நான் இன்னைக்குத்தான் பையில போட்டேன்."

சர்வேயர் வேலையைத் தொடர்ந்தாள். பெரிய கட்டத்தைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. காரணத்தைத் திரை எழுதிக் காட்டியது. இதெல்லாம் தினமும் வருகிற சங்கதிதான். அணைக்காமல் மூடியைச் சாத்திவிடுவார்கள், கணினி தன் நினைவில் இருந்த எல்லாவற்றையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும். மின்சாரமே இல்லாவிட்டாலும் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்தத் தூக்கத்தை அழித்தால்தான் வெளியிலிருந்து உள்ளே போக முடியும். அதற்கு ஒரு கட்டளை வரி உண்டு. ஆயிரம் தடவை அடித்த வரி, விரல்கள் தாமாகவே அடித்தன. பழக்கதோஷத்தில் வாய் படித்தது.

"இந்த சிஸ்டம் அணைக்கப்படலை, தூங்கிட்டிருக்கு. தூக்கத்துல வச்சிருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும். தொடரவா..."

"நிறுத்துங்க!"

சர்வேயரின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"யாரு தூங்குறது?" என்றாள் அந்த அம்மாள். குரல் மாறியிருந்தது.

"இது... கணினிக்கா. உங்க வீட்டுக்காரர் கடைசியா மூடினப்போ என்னென்ன திறந்து வச்சிருந்தாரோ, எந்த வரியில கர்சர் நின்னுச்சோ, எல்லாம் அப்படியே உள்ள இருக்கு. எழுப்பினா எழுந்துக்கும். ஆனா ஒரே தடவைதான். நான் இதை அழிச்சா அப்புறம் எழுப்ப முடியாது."

அந்த அம்மாள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஆகப் பத்து நிமிடம் இருந்தது. அவள் பைக்குள் கையை விட்டு ஒரு பழைய கைப்பேசியை எடுத்தாள். ஆண்கள் வைத்துக்கொள்கிற கறுப்பு உறை போட்டது. ஒரு பொத்தானை அழுத்தி மேஜையில் வைத்தாள்.

சர்வேயரின் போன் அடித்தது. திரையில் பெயர் வந்தது: நாலு மணிக்காரர்.

ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் அவளே பதிந்து வைத்த பெயர். தினமும் நாலு ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது கூப்பிட்ட ஒருவர். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி. பதிலைக் கேட்டதும், "ரொம்ப நன்றிம்மா, நாளைக்குக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவார். பெயரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. திடீரென்று ஒரு நாள் அந்த அழைப்பு நின்றுபோனது. அன்றைக்கு முந்தின நாள் தான் கடிந்துகொண்டதால் மனுஷன் கோபித்துக்கொண்டார் போல என்று அவளும் விட்டுவிட்டாள். கோபித்துக்கொண்டவர் இப்போது கூப்பிடுகிறார். அவர் செத்து ஏழு மாதமாகிறது.

"எடுங்க. ஏன் எடுக்க மாட்டேங்கிறீங்க?" என்றாள் அந்த அம்மாள். "பதினோரு நாள். பதினோரு தடவை. எல்லாம் நாலு அடிக்கப் பத்து நிமிஷத்துக்கு. நான் வேலையிலிருந்து நாலரைக்கு வீட்டுக்கு வருவேன்னு அவருக்குத் தெரியும். மீட்டர் ரீடிங் எடுத்து ரிட்டயர் ஆன மனுஷன், பக்கத்து வீட்டுப் பொம்பளைகிட்டக்கூட நின்னு பேச மாட்டார். அவர் போனதுக்கப்புறம் இந்த போனைப் பாத்தேன். அந்த நம்பரைக் கீழ உங்க கடை போர்டுல பாத்தேன். ஏழு மாசமா எனக்குச் சோறு இறங்கல. துக்கத்துக்கு அழறதா, இதுக்கு அழறதான்னே தெரியல."

போன் அடித்து ஓய்ந்தது. இதுவரை யாரும் சர்வேயரை இப்படிப் பார்த்தது கிடையாது. அந்த வீட்டுப் படியைக்கூட மிதிக்காத அவள், ஏழு மாதமாக அங்கே இன்னொருத்தியாக இருந்திருக்கிறாள்.

"அக்கா, அவர் லினக்ஸ் போடுறது எப்படின்னு கேட்டார். சத்தியமா அவ்வளவுதான்."

"அவருக்கு எதுக்கு அது? இருக்கிறதையே ஒழுங்கா ஓட்டத் தெரியாது."

"அதை அவர் சொல்லல."

"சொல்லியிருக்க மாட்டார். நீங்களும் சொல்லாதீங்க." அந்த அம்மாள் எழுந்துவிட்டாள். "அழிச்சிடுங்க. எழுப்ப வேண்டாம். எழுந்து வந்து எதைக் காட்டுமோன்னு பயமா இருக்கு."

அழுத்திவிட்டால் தீர்ந்தது. அந்த அம்மாள் போய்விடுவாள். ஆனால் சாகிறவரைக்கும் இதே சந்தேகத்தோடு இருப்பாள். அழுத்தாமல் எழுப்பினால் உள்ளே என்ன இருக்கும் என்று சர்வேயருக்கும் தெரியாது. தினம் ஒரு கேள்வி கேட்ட மனிதர் மீதி நேரத்தில் என்ன செய்தார் என்று அவளுக்கு என்ன தெரியும்? வேறு யாருடனாவது உண்மையாகவே பேச்சு இருந்திருந்தால்?

அப்போதுதான் வட்டின் படத்தில் வலப்பக்க எழுத்துகளைப் பார்த்தாள். அறுபது ஜி.பி. கட்டத்துக்கு ஒரு பெயர் இருந்தது. பார்த்ததும் அந்தப் பதினோராவது நாள் பேச்சு மொத்தமும் ஞாபகம் வந்தது. "இடத்தைப் பிரிச்சிட்டேன்மா, நீங்க சொன்ன சந்தும் விட்டாச்சு. ஒரு பேரும் வச்சுட்டேன்" என்று சிரித்தார். "பேரெல்லாம் யார் வைக்கச் சொன்னா? புதுசாப் போடும்போது அது எப்படியும் அழிஞ்சிடும். அழிச்சிட்டுக் காலியா விடுங்க சார். அப்புறம் ஷிப்ட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மொத்தமா அணைங்க. சும்மா மூடி வச்சா அது அணையாது, தூங்கும். அணைக்காம என்னைக் கூப்பிடாதீங்க" என்று இவள் எரிந்து விழுந்தாள். அன்றைக்கு அவளுக்குத் தலைவலி.

அவள் மடிக்கணினியை அந்த அம்மாள் பக்கம் திருப்பினாள். வழக்கம்போல வாய்விட்டுப் படித்தாள்.

"'அவ மூலை'."

அந்த அம்மாள் நின்றபடியே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"எங்க கடையில துணி வெட்டுறதுக்கு முன்னாடி கணினியில வரையச் சொல்றாங்க" என்றாள். "வீட்டுல பழகிக்கலாம்னா இவர் அதை விட்டு எந்திரிக்க மாட்டார். திறந்தா ஆயிரம் இருக்கும், எதைத் தொட்டாலும் 'அதை மூடாதே, இதை மூடாதே'ன்னு. ஒரு நாள் நல்லாக் கத்திட்டேன். 'இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு மூலை உண்டா?'ன்னு."

"எழுப்பட்டுமாக்கா?"

அந்த அம்மாள் மேஜையில் கிடந்த கைப்பேசியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்வேயர் குச்சியை உருவிவிட்டுக் கணினியை மறுபடி கிளப்பினாள்.

திரை கறுத்தது. விசிறி சுற்றத் தொடங்கி, ஏழு மாதம் அடைபட்டிருந்த தூசி வாடையோடு சூடான காற்று வந்தது. நல்வரவு சொல்லாமல், கடவுச்சொல் கேட்காமல், யாரோ இப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன மாதிரித் திரை திறந்துகொண்டது. எழுதிவைத்த ஒரு கோப்பு திறந்திருந்தது. அதன் கடைசி வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. கீழ் மூலையில் மணி 4.02. தேதி, அவர் இறந்த தேதி.

"அன்னைக்கு..." என்றாள் அந்த அம்மாள். கை தானாகத் திரையைத் தொட்டது. "அஞ்சரைக்குத்தான் படியில உக்காந்தார். நாலு ரெண்டுக்கு உயிரோடதான் இருந்தார். நான் பஸ்ஸுல வந்துட்டிருந்தேன்."

அந்தக் கணினிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அதற்கு அவர் பக்கத்து அறையில் இருக்கிறார். சர்வேயருக்கு வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது, பயமாகவும் இருந்தது. சுவரில் இருநூறு வெற்று ஃபிரேம்களும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாலைந்து நொடி அப்படியே போனது. பிறகு மணி துள்ளி இன்றைய தேதிக்கு வந்துவிட்டது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோப்பில் பதினோரு நாள் குறிப்பும் இருந்தது. சர்வேயர் படித்தாள், இந்தத் தடவை மெதுவாக.

"'முதல் நாள். எல்லாவற்றையும் நகல் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். மூன்றாம் நாள். குச்சியிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். படம் வரைகிற மென்பொருள் நன்றாக ஓடுகிறது. அவளுக்குப் பிடிக்கும். ஒன்பதாம் நாள். சந்து எதற்கு என்று கேட்டேன். சண்டை வராமல் இருக்கவாம். எங்கள் வீட்டுக்கும் இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். பதினோராம் நாள். இன்று திட்டு. பெயர் வைக்கக் கூடாதாம். புதிதாகப் போடும்போது அழிந்துவிடுமாம். நாளைக்குக் கேட்க வேண்டியது...'"

சர்வேயர் அங்கே நிறுத்திவிட்டாள். மீதியை அந்த அம்மாளே படித்தாள்.

"'பெயரை அழிக்காமல் போட வழி உண்டா?'"

அவள் அழுதாள். ஏழு மாதத்து அழுகை, இது எதற்கானது என்று இப்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை. சர்வேயரும் அழுதாள். அந்த மனுஷனைக் கடைசியாகத் திட்டியது தான்தான் என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

அழுது முடித்ததும் வேலையைப் பார்த்தார்கள். கோப்பைச் சேமித்து வேறு குச்சியில் ஒரு நகல் எடுத்தார்கள். பிறகு சர்வேயர், "இதை நீங்கதான் அணைக்கணும்க்கா. ஷிப்ட்டை அழுத்திப் பிடிங்க, விடாதீங்க" என்றாள். காய்ப்புப் பிடித்த கட்டைவிரல் அழுத்திப் பிடித்தது. விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. தூங்கவில்லை, அணைந்தேவிட்டது. ஏழு மாதம் நீண்ட அந்தச் சாயங்காலம் முடிந்தது. விரலை எடுக்க அந்த அம்மாளுக்கு மனசு வரவில்லை.

மறுபடி லினக்ஸ் குச்சி. சர்வேயர் நிறுவுகிற பக்கத்துக்கு வந்தாள். "பழையது தொடப்படாது. சந்து தொடப்படாது. அறுபது ஜி.பி. மட்டும் புதுசாக் கட்டப்படும். அதுல இப்ப இருக்கிற பேர் அழியும்" என்று படித்தாள். பிறகு புதுப் பெயருக்கான கட்டத்தில் 'அவ மூலை' என்று அடித்தாள். கணினி ஏற்கவில்லை. திரும்ப அடித்தாள். மறுபடியும் ஏற்கவில்லை.

"என்னாச்சு? அவர் கேட்டதுக்கு வழி இருக்கா இல்லையா?"

"பழசுல நீளமா வைக்கலாம்க்கா. இதுல பேருக்குப் பதினாறு இடம்தான். நம்ம எழுத்து ஒவ்வொண்ணும் மூணு இடம் தின்னும், அதோட கொம்புக்கும் சுழிக்கும் தனியா மூணு மூணு. 'மூலை' உள்ள போகும். 'அவ' போகாது." சொல்லும்போதே சர்வேயருக்கு நாக்குக் கூசியது. பதினோரு நாளும் அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது, இதற்கு மட்டும் இல்லை.

அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டாள். கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"மூலை மட்டும் போடுங்க" என்றாள். "அவதான் இங்க உக்காந்திருக்காளே."

சர்வேயர் அந்த இரண்டு எழுத்தையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.